பாசிக்குடாவில் மூன்று வயது மகனுடன் இரவு விருந்து

இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள பாசிக்குடாவில், இரவு எட்டு மணி விருந்துக்கு மூன்று வயது மகனையும் உணவகத்துக்குக் கூட்டிச் செல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூட்டிச் செல்லுங்கள். ஆனால் எட்டு மணிக்குப் பதிவு செய்த மேசையை உணவகம் திறக்கும் நேரத்துக்கே மாற்றிவிடுங்கள்.

போன தடவை சூப் வருவதற்குள் மகன் அழுது புரண்டான் என்று எழுதியிருக்கிறீர்கள். அது குழப்படி அல்ல, பசியும் தூக்கமும். பாசிக்குடாவில் கடல் வெகுதூரம் வரை ஆழமில்லாமல் கிடப்பதால் பிள்ளைகளைக் கரையேற்றுவதே பெரும்பாடு. பகல் முழுவதும் நீரில் கிடந்தவன் எட்டு மணிக்கு மேசைத்துணியை இழுக்காமல் என்ன செய்வான்?

இன்றே தொலைபேசியில் கேளுங்கள்: இரவில் சிறுவர்களை அனுமதிப்பார்களா? உட்கார்ந்தவுடன் அவனுக்கு மட்டும் உறைப்பில்லாமல் இடியப்பமும் சொதியும் தருவார்களா? பதிலில் தயக்கம் தெரிந்தால் மதிய உணவுக்குப் போங்கள். எங்கள் மகள் அப்படியொரு மதியத்தில் சொதியில் விரலைத் தோய்த்து வெள்ளைத் துணியில் மீன் கீறினாள். பரிமாறியவர் வாலையும் கீறச் சொன்னார்!

ஐந்தாறு தட்டுகள் ஒவ்வொன்றாக வரும் விருந்தென்றால் மட்டும் வேண்டாம். பாதியில் எழுந்தாலும் முழுப் பில்தான்; அதன்மேல் வழக்கமான 10 சதவீத சேவைக் கட்டணம் வேறு.