‘ஹைகோர்ட்டில் பார்த்துக்கலாம்’ என்கிறார் வக்கீல்

கேள்வி: என் தம்பி தக்காளி லாரி டிரைவர். திருட்டு வழக்கு ஒன்றில் திங்கட்கிழமை காலை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள்; புதன்கிழமை மாலைதான் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தினார்கள். எதற்காகக் கைது என்று எங்களுக்கும் சொல்லவில்லை, அவனுக்கும் சொல்லவில்லை. இப்போது ஜாமீனில் இருக்கிறான். அடுத்த மாதம் சாட்சி விசாரணை. இதையெல்லாம் ஹைகோர்ட்டில் பார்த்துக்கலாம் என்கிறார் வக்கீல். விட்டுவைக்கலாமா?
– வாசகி, பாலக்கோடு

பதில்: விட்டுவைக்காதீர்கள், அம்மா. முதல் விஷயம், மாஜிஸ்திரேட் தண்டனை கொடுத்தால் அப்பீல் ஹைகோர்ட்டுக்குப் போகாது. தர்மபுரி செஷன்ஸ் கோர்ட்டுக்குத்தான், அதுவும் 30 நாளுக்குள்.

அங்கே நீதிபதி பார்ப்பது கேஸ் கட்டை, அதாவது கீழ்க் கோர்ட்டில் பதிவான காகிதங்களை. கட்டில் இல்லாததைச் சொன்னால், “கீழே ஏன் சொல்லவில்லை?” என்பார். சட்டமே அப்படித்தான் இருக்கிறது. நடைமுறைப் பிழையால் நீதி தவறியதா என்று பார்க்கும்போது, அந்த ஆட்சேபணையை முன்பே எழுப்பியிருக்க முடியாதா என்றும் பார்க்கச் சொல்கிறது பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 511-ம் பிரிவு. பழைய சட்டத்தில் இது 465.

கைதுக்குக் காரணம் சொல்வதும், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவதும் அரசியலமைப்பின் 22-வது பிரிவு தரும் உரிமை. காரணம் சொல்லாத கைது சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் 2025-லும் சொன்னது. ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன்: கைது தப்பு என்பதற்காக மட்டும் தண்டனை ரத்தாகிவிடாது. அதன் பலன் வேறு இடத்தில் இருக்கிறது.

மகஜரை, அதாவது பொருளைக் கைப்பற்றியபோது போலீஸ் எழுதிய பத்திரத்தை, வாங்கிப் படியுங்கள். ‘புதன் காலை பஸ் ஸ்டாண்டில் பிடித்தோம், அவன் சொன்ன இடத்தில் பொருளை எடுத்தோம்’ என்று எழுதியிருக்கிறதா? திங்கள் முதல் உள்ளே இருந்தவன் புதன்கிழமை பஸ் ஸ்டாண்டில் எப்படி நிற்பான்? புலன் விசாரணை அதிகாரி கூண்டில் ஏறும்போது குறுக்கு விசாரணையில் இதைக் கேட்டே ஆக வேண்டும். அங்கே கேட்காமல் விட்டதை அப்பீலில் வாதமாக்கினால் எடுபடாது.

அவனைக் காவலில் வைக்க மாஜிஸ்திரேட் போட்ட ரிமாண்ட் உத்தரவுக்கும் நகல் மனு போடுங்கள். ‘போலீசார் மீது புகார் இல்லை என்றார்’ என்று ஒரு வரி இருக்கலாம். கூட்டிவந்த காவலர் பக்கத்தில் நிற்கும்போது பையன் வேறென்ன சொல்வான்? ஆனாலும் பின்னால் காலை வாரப்போவது அந்த வரிதான். நாள், நேரம், பார்த்தவர் யார் என்று எழுதி இப்போதே ஒரு மனு தாக்கல் செய்யச் சொல்லுங்கள். ஸ்டேஷன் சிசிடிவி பதிவையும் அதில் கேளுங்கள். அதை 18 மாதம், குறைந்தது ஒரு வருஷமாவது வைத்திருக்க வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் 2020 தீர்ப்பு. நாள் தள்ளினால் அழிந்துவிடும்.

அப்புறம் போன் கால் பட்டியல். மின்னணுப் பதிவுக்கான சான்றிதழ் இல்லாமல் அதைக் குறியீடு செய்தால், அதாவது சான்றாவணமாக எண் போட்டுச் சேர்த்தால், அந்த நிமிஷமே ஆட்சேபிக்க வேண்டும். கீழே வாய் திறக்காமல் அப்பீலில் அதைக் கிளப்ப முடியாது என்று 2017-ல் சோனு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் அப்படியில்லை. அது எப்போதுமே செல்லாது. பொருளைக் கண்டெடுக்க வைத்த பகுதி மட்டும்தான் விலக்கு.

வக்கீலை மாற்றச் சொல்லவில்லை, பக்குவமாகப் பேசுங்கள். சாட்சியம் பதிவான ஒவ்வொரு வாய்தாவிலும் நகல் வாங்குங்கள். ‘ஆட்சேபணையுடன் குறியீடு’ என்று டைப் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உடனே கோர்ட்டுக்கு ஒரு மெமோ (சிறு எழுத்துக் குறிப்பு) கொடுக்கச் சொல்லுங்கள்.