1860, லெபனான் மலை: ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

1860இல் லெபனான் மலையில், இஸ்லாமிலிருந்து கிளைத்த தனிச் சமயத்தவரான துரூஸ்களுக்கும் மாரோனைட் கிறித்தவர்களுக்கும் நடந்த போரைப் பற்றி அண்மையில் வாசித்தேன். அது நூற்றாண்டுகளாகக் கனன்ற மதப்பகை என்றும், உதுமானிய ஆட்சி அதை அதுவரை அடக்கி வைத்திருந்தது என்றும் எனக்குத் தோன்றுகிறது. தங்கள் கருத்து என்ன?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அப்படியானால், 1840 ஜூனில் துரூஸ்களும் மாரோனைட்டுகளும் முஸ்லிம்களும் அந்தெலியாஸ் தேவாலயத்தில் கூடி, அப்போது அப்பகுதியைக் கைப்பற்றியிருந்த எகிப்தியப் படைக்கும் அதற்குத் துணைநின்ற மலையின் ஆட்சியாளர் எமீர் இரண்டாம் பஷீருக்கும் எதிராக ஒன்றாகச் சத்தியம் செய்தது எப்படி? விரிசல் அதற்குள் விழுந்துவிட்டது என்பதும் மெய்தான். 1838இல் எகிப்தியரின் கட்டாயப் படைச்சேர்ப்பை எதிர்த்துத் தென் சிரியாவின் ஹவுரான் பகுதித் துரூஸ்கள் கிளர்ந்தபோது, அவர்களை ஒடுக்கக் கிறித்தவர்களை ஆயுதம் ஏந்தச் செய்தவர் இதே பஷீர்.

1841இல் மோதல் மூண்டபின், ஐரோப்பிய வல்லரசுகளின் வற்புறுத்தலோடு உதுமானிய அரசு கண்ட தீர்வுதான் என் பார்வையில் பெருங்கேடு. பெய்ரூட்டிலிருந்து டமாஸ்கஸ் செல்லும் சாலையை எல்லையாக்கி, 1843இல் வடபகுதியை ஒரு கிறித்தவ அதிகாரியிடமும் தென்பகுதியை ஒரு துரூஸ் அதிகாரியிடமும் ஒப்படைத்தார்கள். தெற்கில் துரூஸ் பிரபுக்களின் நிலங்களில் உழைத்தவர்களில் கிறித்தவர்கள் ஏராளம் என்பதால், குடியானவனுக்கும் நிலவுடைமையாளருக்கும் இடையிலான வழக்கு ஒவ்வொன்றும் மதவழக்காக மாறும் வழி அன்றே திறந்துவிட்டது.

வடக்கே கெஸ்ருவானில் 1858இல் தொடங்கிய எழுச்சியைப் பாருங்கள். அங்கே தானியூஸ் ஷாஹினின் தலைமையில் மாரோனைட் குடியானவர்கள் விரட்டியது, தங்கள் மதத்தவர்களான காஸின் குடும்பத்து ஷேக்குகளை, அதாவது நிலப்பிரபுக்களைத்தான். அதே குமுறல் தெற்கே பரவியபோது எதிரே நின்ற பிரபு துரூஸாக இருந்தார், கலகம் மதப்போராயிற்று.

அரசு அடக்கி வைத்தது என்கிறீர்கள். தென்பகுதி ஊரான தெய்ர் அல் கமரில் நடந்ததைக் கவனியுங்கள். அவ்வூர்க் கிறித்தவர்களிடமிருந்து ஆயுதங்களை வாங்கிக்கொண்டு, அரசு மாளிகையில் அடைக்கலம் தந்தது உதுமானியக் காவற்படை. 1860 ஜூன் 20 அன்று தாக்க வந்தவர்கள் உள்ளே புகுந்து வெட்டிச் சாய்த்தபோது அது தடுக்கவில்லை. ஜூலையில் டமாஸ்கஸில் கிறித்தவர்கள் கொல்லப்பட்டபோது ஆயிரக்கணக்கானோரைக் காத்தவர், பிரான்சை எதிர்த்துப் போரிட்டு நாடுகடத்தப்பட்ட அல்ஜீரியத் தலைவர் அப்துல் காதிர். (மதப்பகை என்ற ஒற்றை விளக்கத்தில் அவரை எங்கே வைப்பது?) பின்னர் உதுமானிய அரசு அனுப்பிய அமைச்சர் ஃபுவாத் பாஷா, டமாஸ்கஸின் ஆளுநரையே சுட்டுக்கொல்ல ஆணையிட்டார்.

மதவெறி இல்லை என்று நான் சொல்லவில்லை; 1860இல் அது கண்கூடு. ஆனால் அதற்கு அரசியல் வடிவம் தந்தது நிர்வாகமே. 1861இல் மலைக்கு வந்த புதிய நிர்வாக அமைப்பு கிறித்தவரான தாவூத் பாஷாவை ஆளுநராக்கி அமைதியைக் கொணர்ந்தது என்றாலும், நிர்வாக சபையின் 12 இடங்களையும் அது சமயவாரியாகவே பங்கிட்டது.