என் பாக்டீரியாவை நெருங்கிய சிற்றினத்தோடு ஒப்பிட்டால் 16எஸ் (அடையாளம் காணப் பயன்படும் ஒரு மரபணு) ஒற்றுமை 99.2%, ஏஎன்ஐ (முழு ஜீனோம்களின், அதாவது டிஎன்ஏ வரிசைகளின், சராசரி ஒற்றுமை) 91%தான். புதுச் சிற்றினம் என்று சொல்ல ஜீனோம் போதாதா? கொழுப்பு அமிலச் சோதனையும் வேண்டுமா?

முனைவர் பட்டத்தின் கடைசி வருடத்தில் இருக்கிறீர்கள் போல, கேள்வியில் அவசரம் தெரிகிறது.

தனிச் சிற்றினமா என்பதை ஜீனோமே சொல்லிவிடும். ஏஎன்ஐ 95-96க்குக் கீழே, டிஜிட்டல் டிடிஎச் (இரண்டு டிஎன்ஏக்களின் நெருக்கத்தைக் கணினியில் கணிப்பது) 70க்குக் கீழே என்றால் தனிதான். 16எஸ் 99ஐத் தாண்டியதே என்று கலங்க வேண்டாம், பேசில்லஸ் வகையறாவில் அது சகஜம். தேடலில் முதலில் வந்த ஒன்றோடு மட்டும் ஒப்பிட்டு நிறுத்தாமல், நெருங்கிய எல்லா டைப் ஸ்ட்ரெயின்களோடும் (ஒரு சிற்றினத்தின் பெயருக்கு ஆதாரமான மாதிரிகள்) பாருங்கள்.

ஆனால் வேதிச் சோதனையை விட்டுவிடாதீர்கள், இதில் நான் பட்டிருக்கிறேன். என்னுடையதும் பேசில்லஸ் குடும்பம்தான். 30 டிகிரியில் வளர்த்து, கொழுப்பு அமிலங்களை கேஸ் குரோமட்டோகிராபியில் ஓட்டினேன். ஆன்டிஐசோ-சி15 என்ற கிளைத்த கொழுப்பு அமிலம் எக்கச்சக்கமாக வந்தது. பக்கத்துச் சிற்றினத்துக்கு ஒரு பழைய கட்டுரையில் இருந்த எண்களை எடுத்து அட்டவணையில் எதிரெதிரே போட்டேன், வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. கட்டுரை திரும்பி வந்தது. அந்தப் பழைய எண்கள் 37 டிகிரியில் எடுத்தவை, குளிர்ந்தால் இந்த பாக்டீரியாக்கள் சவ்வு இறுகாமல் இருக்க ஆன்டிஐசோவைக் கூட்டிக்கொள்ளும், நீங்கள் காட்டியிருப்பது இன்குபேட்டர் வித்தியாசம் என்று மதிப்பாய்வாளர் எழுதியிருந்தார். சரியாகத்தான் சொன்னார்.

அந்தப் பக்கத்துச் சிற்றினத்தின் டைப் ஸ்ட்ரெயினை வரவழைத்து, இரண்டையும் ஒரே மீடியத்தில், ஒரே வெப்பத்தில், ஒரே வளர்ச்சிக் கட்டத்தில் அறுவடை செய்தேன். கொழுப்பு அமில வித்தியாசம் ஏறக்குறைய காணாமல் போனது. சவ்வில் எலக்ட்ரான் கடத்தும் குயினோனும் இரண்டிலும் எம்கே-7 என்ற அதே வகைதான். அப்புறம் துருவ லிப்பிடுகளை (சவ்வின் முக்கியக் கொழுப்புகள்) இருதிசை டிஎல்சியில் (மெல்லிய தட்டில் பொருள்களைப் புள்ளிகளாகப் பிரிக்கும் முறை) ஓட்டி, அமினோ தொகுதி உள்ளவற்றுக்கு நிறம் தரும் நின்ஹைட்ரின் தெளித்து சூடு காட்டினேன். என் தட்டில் வலது மேல் மூலையில் ஊதாவாக ஒரு சின்னப் புள்ளி. பக்கத்துத் தட்டில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. மூன்று முறை திரும்ப ஓட்டினேன், மூன்று முறையும் அப்படியே. கட்டுரையில் நின்றது அந்தப் புள்ளிதான்.

ஜீனோம் இருக்கும்போது இதெல்லாம் பழைய காலத்து வேலை என்று யாராவது கீழே எழுதுவார்கள். 2022இல் வந்த சீக்கோடு என்ற பெயரிடல் விதித்தொகுப்பு ஜீனோம் வரிசையையே டைப்பாக ஏற்கிறது, அதுவும் தெரியும். ஆய்வகத்தில் வளர்க்கவே முடியாதவற்றுக்கு அது பெரிய வழி, நான் அதற்கு எதிரி இல்லை. ஆனால் உங்களுடையது தட்டில் வளர்கிறது. அதன் சவ்வில் என்ன இருக்கிறது என்று பார்க்க முடியும்போது பார்க்காமல் பெயர் வைப்பானேன்?

இன்னொன்று, கேட்காததுதான், சொல்லிவிடுகிறேன். குளோரோஃபார்ம் நெடியில் நின்று அந்தத் தட்டுகளை என்னோடு ஓட்டிய டெக்னீசியன் அக்கா பெயர் நன்றியுரையில் ஒரு வரியாகப் போனது, ஆசிரியர் பட்டியலில் இல்லை. நான் கேட்டிருக்க வேண்டும். உங்கள் கட்டுரையில் அப்படிச் செய்யாதீர்கள்.

உங்கள் ஸ்ட்ரெயினை இரண்டு வெவ்வேறு நாடுகளின் சேகரிப்பு மையங்களுக்கு இன்றே அனுப்பிவிடுங்கள். அந்தச் சான்றிதழ்கள் இல்லாமல் பெயர் செல்லாது, வருவதற்கும் நாளாகும்.