சென்னையில் பழைய ஃப்ளாட்: கைமாற்றி விற்பதா, வாடகைக்கு விடுவதா?

60 லட்சத்துக்கு வாங்கும் ஃப்ளாட்டை ஓராண்டில் விற்றால் என்ன மிஞ்சும் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் பத்திரச் செலவைப் பாருங்கள். முத்திரைத் தீர்வையும் சொத்து மாற்று வரியும் 7%, பதிவுக் கட்டணம் 2%, ஆக 5.40 லட்சம். பெயின்ட், பிளம்பிங் 2 லட்சம். 45 லட்சம் கடனுக்கு 8.5% என்றால் ஓராண்டு வட்டி மட்டும் ஏறக்குறைய 3.80 லட்சம். விற்கும்போது தரகு 1%. அதாவது கிட்டத்தட்ட 72 லட்சத்துக்குப் போனால்தான் அசல் தேறும். 24 மாதத்துக்குள் விற்றால் லாபம் உங்கள் வருமானத்தோடு சேர்ந்து ஸ்லாப்படி, அதாவது மொத்த வருமானத்துக்கேற்ற விகிதத்தில், வரி. அதைத் தாண்டினால் 12.5%. சந்தை விலைக்கே வாங்கிவிட்டு பெயின்ட் அடித்து லாபம் பார்ப்பதெல்லாம் பெரும்பாலும் கனவுதான். அவசரத்துக்கு விற்பவரிடம் 15–20% குறைவாகக் கிடைத்தால் மட்டும் யோசிக்கலாம்.

வாடகையும் அமுதசுரபி அல்ல. மாதம் 18,000 என்றால், ஒரு மாதம் காலியாகக் கிடப்பது, சொத்து வரி, ரிப்பேர் போக ஆண்டுக்கு 1.70 லட்சம் நிற்கும். 20 ஆண்டுக் கடனுக்கு இஎம்ஐ 39,000. மாதாமாதம் ஏறக்குறைய 25,000 கையிலிருந்து போடத் தெம்பு இருக்கிறதா? இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள்; வருமான வரி கணக்கிடும்போது, வாடகையில் சொத்து வரி போக மீதியில் 30% கழிவும் உண்டு. ஆனால் யுடிஎஸ், அதாவது பிரிக்கப்படாத மனையில் உங்கள் பங்கு, எவ்வளவு என்று பத்திரத்தில் பாருங்கள். கட்டடம் தேயும், விலை ஏறுவது மண்ணுக்குத்தான். 1,000 சதுர அடி ஃப்ளாட்டுக்கு 300 சதுர அடி மனைப் பங்குதான் என்றால், நீண்ட நாள் வைத்திருக்க ஏற்றதல்ல.