அப்பாவின் கால் புண்ணுக்கு மருந்து ஆய்வு: கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: நெல்லிக்குப்பம் பக்கத்தில் இருக்கிறோம். அப்பாவுக்கு 61 வயது, 15 வருடமாகச் சர்க்கரை. கரும்புக் கொல்லையில் வெறுங்காலோடு நடந்ததில் உள்ளங்காலில் புண் வந்து மூன்று மாதமாக ஆறவில்லை. புதுச்சேரியில் ஒரு பெரிய மருத்துவமனையில் காட்டுகிறோம். அங்கே புதுக் களிம்பு ஒன்றை ஆராய்ச்சி செய்கிறார்களாம், சேர்ந்தால் செலவில்லையாம். வியாழக்கிழமை நான் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்கிறார்கள். தம்பியோ ‘அப்பாவ சோதனை எலி ஆக்கப் போறியாக்கா’ என்று சத்தம் போடுகிறான். வேண்டாம் என்று சொன்னால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்றும் பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: முதலில் ஒன்று. அந்தக் கையெழுத்தை அப்பாதான் போட வேண்டும். அவருக்கு நினைவு தெளிவாக இருக்கிறது, சொன்னால் புரிந்துகொள்கிறார் என்றால், அவருக்குப் பதிலாக மகளோ மகனோ ஒப்புதல் தர விதியில் இடமில்லை. படிக்கத் தெரியாதவர் என்றால் கைநாட்டு வைக்கலாம். அப்போது ஆய்வோடு சம்பந்தமில்லாத, படிக்கத் தெரிந்த ஒரு சாட்சி, விளக்கம் தொடங்கியதிலிருந்து முடியும்வரை கூடவே இருந்து தானும் கையெழுத்திட வேண்டும். அதனால் வியாழக்கிழமை அப்பாவை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு நீங்கள் மட்டும் உள்ளே போகாதீர்கள்.

தம்பியின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அவருக்கு ஒரு பழைய சங்கதியைச் சொல்லுங்கள். காசநோய் வந்தால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுத்தே தீர வேண்டும் என்று உலகமே நம்பிய காலம். 1956-இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு மையம், ஏழை நோயாளிகளை இரண்டு குழுவாகப் பிரித்தது. ஒரு குழுவுக்குச் சானடோரியம். இன்னொரு குழு நெரிசலான தங்கள் வீட்டிலேயே இருந்துகொண்டு அதே மாத்திரைகளைச் சாப்பிட்டது. 1959-இல் முடிவு வெளியானபோது, வீட்டுச் சிகிச்சையும் கிட்டத்தட்ட அதே அளவுக்குப் பலன் தந்தது தெரிந்தது. அந்த நோயாளிகளோடு ஒரே வீட்டில் இருந்த குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. இன்று காசநோய்க்காரர் வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிடுகிறார் என்றால், அந்தச் சென்னைக்காரர்கள் ஒப்புக்கொண்டதும் ஒரு காரணம். அவர்களை எலி என்று சொல்ல எனக்கு மனம் வராது.

புதுச்சேரிக்கும் இது புதிதல்ல. 1823-இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழியில் வந்ததுதான் ஜிப்மர். யானைக்கால், மலேரியா பரப்பும் கொசுக்களை ஆராயும் மத்திய நிறுவனமும் 1975 முதல் இங்கேதான் இருக்கிறது. கடலூர்ப் பக்கத்து நோயாளிகள் பெரிய ஆஸ்பத்திரி என்று பஸ் ஏறுவதும் இங்கேதான். அதனால் உங்களிடம் கேட்டது போல இனியும் பலரிடம் கேட்பார்கள்.

சரி, எதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்? எனக்கு மிக முக்கியமாகப் படுவது ஒரே கேள்விதான்: ‘புதுக் களிம்பு கிடைக்காத குழுவில் அப்பா விழுந்தால் அவருக்கு என்ன சிகிச்சை?’

இப்படிப்பட்ட ஆய்வுகளில் யாருக்குப் புது மருந்து, யாருக்கு இல்லை என்பதைச் சீட்டுக் குலுக்குவது போலத்தான் முடிவு செய்கிறார்கள். டாக்டர் தனக்கு வேண்டியவருக்குப் புது மருந்தைக் கொடுத்துவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. மருந்தே இல்லாத போலிக் களிம்பு அப்பாவுக்கு வரலாம். எந்த டப்பாவில் எது இருக்கிறது என்று டாக்டருக்கே தெரியாமலும் இருக்கலாம். இதில் ஏமாற்று வேலை இல்லை. சர்க்கரைப் புண்ணை ஒழுங்காகப் பராமரித்தாலே பலருக்கு ஆறத் தொடங்கிவிடும். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லையென்றால், பராமரிப்பால் ஆறியதா களிம்பால் ஆறியதா என்று எப்படிச் சொல்வது?

ஆனால் ஒழுங்கான பராமரிப்பு இரண்டு குழுவுக்கும் கிடைத்தாக வேண்டும். செத்த சதையை எடுத்துச் சுத்தம் செய்வது, கிருமித் தொற்று இருந்தால் மருந்து, காலுக்கு ரத்த ஓட்டம் எப்படி இருக்கிறது என்ற பரிசோதனை, சர்க்கரைக் கட்டுப்பாடு, எல்லாவற்றுக்கும் மேலாகப் புண்ணின் மீது உடம்பு எடை படாதபடி ஏற்பாடு. ‘இது எல்லாருக்கும் உண்டு, அதோடு கூடுதலாகத்தான் களிம்பு’ என்று பதில் வந்தால் எனக்கு நிம்மதி. ‘அதையெல்லாம் நிறுத்திவிட்டுக் களிம்பு மட்டும்’ என்றால், நான் அப்பாவை அழைத்துக்கொண்டு வெளியே வந்துவிடுவேன். புது மருந்துகளுக்கும் மருத்துவ ஆய்வுகளுக்கும் 2019-இல் வந்த அரசு விதிகளும் இதே பக்கம்தான் நிற்கின்றன. வழக்கமான சிகிச்சை இருந்தும் அதைத் தராமல் போலி மருந்து மட்டும் கொடுத்து, அதனால் கெடுதல் வந்தால் அது ஆய்வினால் வந்த பாதிப்பாகவே கணக்கு.

அப்படிப் பாதிப்பு வந்தால் சிகிச்சை இலவசம். மரணமோ நிரந்தர ஊனமோ ஏற்பட்டால் இழப்பீடு தர வேண்டும். வயதையும் ஆபத்தின் அளவையும் வைத்து அதைக் கணக்கிட விதியிலேயே ஒரு சூத்திரம் உண்டு, அதன் அடிப்படைத் தொகை 8 லட்சம் ரூபாய். இதெல்லாம் நோயாளிக்குத் தரும் தகவல் தாளில் இருக்க வேண்டும்.

அந்தத் தாளை வியாழக்கிழமைக்கு முன்பே கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். தமிழில் கேளுங்கள். ஆய்வு நோயாளிக்குப் பாதுகாப்பானதா, நியாயமானதா என்று பார்த்து அனுமதி தரும் மருத்துவமனை நெறிமுறைக் குழு ஒன்றில் நான் சில காலம் இருந்தேன். இப்படிப்பட்ட குழுவில் குறைந்தது ஏழு பேர் இருப்பார்கள். மருத்துவம் படிக்காத பொதுமனிதர் ஒருவரும் கட்டாயம். ஒருமுறை வந்த தமிழ்ப் படிவத்தின் ஒரு பத்தியை வார்டு ஆயாம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு ‘இப்ப என்ன சார் செய்யச் சொல்றாங்க?’ என்றார். படிவத்தைத் திருப்பி அனுப்பினோம். உங்களுக்குப் புரியாத தாள் வந்தால் குறை உங்களிடம் இல்லை. புரியும்வரை கேளுங்கள். நெறிமுறைக் குழுவின் தொடர்பு எண்ணும் அதில் இருக்கும். சி.டி.ஆர்.ஐ. பதிவு எண்ணையும் கேளுங்கள். 2009 ஜூன் முதல் மருந்து ஆய்வுகள் அந்தத் தேசியப் பதிவேட்டில் பதிவாக வேண்டும். எண் இருந்தால் தம்பியே போனில் தேடிப் பார்த்துவிடலாம். கையெழுத்தான பிறகு ஒரு பிரதி உங்கள் கைக்கு வர வேண்டும், அதை வாங்காமல் கிளம்பாதீர்கள்.

‘செலவில்லை’ என்றால் எதற்கெல்லாம் என்று பிரித்துக் கேளுங்கள். களிம்புக்கு மட்டுமா, ரத்தப் பரிசோதனைக்குமா? எத்தனை முறை வரச் சொல்வார்கள்? நெல்லிக்குப்பத்திலிருந்து ஒவ்வொரு முறையும் பஸ் மாறி வருவதற்கும், கூட வருகிறவரின் ஒரு நாள் கூலிக்கும் ஏதாவது தருவார்களா? கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

டாக்டரின் கோபம் பற்றி: சேர மறுத்தாலும், சேர்ந்து பாதியில் விலகினாலும், வழக்கமான சிகிச்சை குறையக் கூடாது. ‘வேண்டாம்னா நீங்களே தொடர்ந்து பாப்பீங்களா டாக்டர்?’ என்று நேராகவே கேட்டுவிடுங்கள். நல்ல டாக்டர் இதற்குக் கோபப்பட மாட்டார். விலகுவதாக இருந்தால் சொல்லாமல் நின்றுவிடாமல், கடைசியாக ஒருமுறை போய்ப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், புண்ணில் மஞ்சள், வேப்பிலை, வேறு எண்ணெய் ஏதாவது போட்டிருந்தாலும், நாட்டு மருந்து சாப்பிட்டாலும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். திட்டுவார்கள் என்று பலர் மறைக்கிறார்கள். பிறகு புண் எதனால் மோசமானது என்று யாருக்குமே தெரியாமல் போகிறது.

ஆய்வில் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் இன்றிலிருந்து அப்பா வெறுங்காலோடு ஓர் அடிகூட வைக்க வேண்டாம், வீட்டுக்குள்ளும்தான். சர்க்கரைக்காரர்களுக்கான எம்.சி.ஆர். செருப்பு போதுமா, புண் ஆறும்வரை மாவுக்கட்டு போல வேறு ஏதாவது வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். காய்ச்சல், புண்ணிலிருந்து நாற்றம், பாதம் சிவந்து வீங்குவது, விரல் கறுப்பது, இதில் ஒன்று தெரிந்தாலும் வியாழக்கிழமை வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். ராத்திரியானாலும் பக்கத்தில் இருக்கும் அவசரப் பிரிவுக்கு உடனே கூட்டிப் போங்கள்.