ஞாயிறு விடியலில் காசிமேடு: வாசகர் கேட்டவை, வடசென்னை சொன்னவை

சென்னைக்குக் கடல் பார்க்க வருகிறவர்கள் மெரினாவை முடித்துக்கொண்டு கோவளம், மாமல்லபுரம் என்று தெற்கே திரும்பிவிடுகிறார்கள். காசிமேடு மீன்பிடித் துறைமுகம் இருக்கும் ராயபுரத்தில் தொடங்கிப் பழவேற்காடு வரை போகும் வடக்குக் கரையைப் பற்றி இந்த மாதம் வந்த கேள்விகளுக்கு, அந்தக் கரையிலேயே குடியிருப்பவர்கள் பதில் சொல்கிறார்கள்.

மே மாத விடுமுறையில் குடும்பத்தோடு காசிமேடு வரலாம் என்றிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்கு வந்தால் சரியாக இருக்கும்?
(ஈரோட்டு வாசகர்)

மே மாதம் என்றால் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் முட்டையிட்டுப் பெருகும் பருவம் என்பதால் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. ஃபைபர் படகுக்காரர்கள் மட்டும் கரையை ஒட்டிப் போய்வருவார்கள். மார்க்கெட் மூடிக்கிடக்காது, நெத்திலி, சங்கரா, கிழங்கான், நண்டு ஓரளவு இருக்கும். பெரிய வஞ்சிரம் குறைவு, விலையும் எகிறியிருக்கும். வெளியூர் ஐஸ் மீனும் அந்தச் சமயத்தில்தான் அதிகம் கலக்கும். தடை முடிந்த மறுநாளே மீன் கொட்டும் என்றும் நினைக்க வேண்டாம். போன படகுகள் திரும்பிவர நாலைந்து நாளாவது ஆகும். எங்களைக் கேட்டால் ஜூன் கடைசி, ஜூலை. அதைவிடக் கையைக் கடிக்காத மாதம் புரட்டாசி. பாதி ஊர் அசைவத்தை விட்டிருக்கும், மீன் மலிவாகக் கிடைக்கும். விரதம் இருக்கிற வீடென்றால் இந்த யோசனை உங்களுக்கில்லை.

இனி நேரம். நாள்கணக்கில் தங்கி மீன் பிடிக்கும் படகுகள் ஞாயிறு வியாபாரத்தைக் கணக்கு வைத்துச் சனி இரவில் கரைக்கு வரப் பார்க்கும். ஏலம் இருட்டோடு தொடங்கிவிடும். அதைப் பார்க்க நாலு மணிக்கே அங்கே இருக்க வேண்டும். அந்த நேரத்துக்கு மெட்ரோ ஓடாது, ஆட்டோதான். மண்ணடி, பாரிமுனைப் பக்கம் தங்கினால் தூரம் குறைவு. அரைக் கிலோ, ஒரு கிலோ வாங்குகிறவர்களுக்கு ஏலத்தில் வேலை இல்லை. அது கூடைக்கணக்கில் எடுக்கும் வியாபாரிகளுக்கு. வீட்டுக்கு வாங்க ஆறரை, ஏழு மணி போதும். எட்டு மணிக்கு மேல் ஞாயிற்றுக்கிழமை நெரிசலில் குழந்தையைக் கூட்டிவராதீர்கள்.

மூன்று குடும்பம் சேர்ந்து வந்தால் ஏலத்தில் எடுத்தவரிடமே ஒரு கூடையைப் பேசி வாங்கிப் பிரித்துக்கொள்ளலாம். விலை நன்றாகக் குறையும். யார் பங்குக்கு எது என்பதை வாங்கும் முன்பே பேசிவிடுங்கள். கூடையில் எல்லா மீனும் ஒரே அளவில் இருக்காது.

கூறு போட்டு விற்பதை வாங்கலாமா? நல்ல மீன் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
(தருமபுரி வாசகி)

தாராளமாக வாங்கலாம். ஆனால் கூறின் மேலே பளபளப்பது உள்ளேயும் பளபளக்கும் என்று இல்லை. உங்கள் பையில் கொட்டச் சொல்லி, கொட்டும்போது அடியில் கிடந்ததைப் பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் அப்போதே சொல்லிவிட வேண்டும். பணம் கொடுத்த பிறகு பேசினால் வாய்ச்சண்டைதான், அதில் காசிமேட்டு அக்காக்களை ஜெயித்தவர் கிடையாது.

கண் தெளிவாக, சற்றுப் புடைத்து இருக்க வேண்டும். கலங்கிக் குழி விழுந்திருந்தால் நாள் ஆன மீன். செவுளைத் தூக்கினால் சிவப்பு தெரிய வேண்டும், பழுப்பாகக் கூடாது. சிவந்த செவுளை மட்டும் நம்பி ஏமாறுகிறவர்களும் உண்டு. அதனால் விரலால் முதுகுச் சதையை அழுத்துங்கள். குழி உடனே மேலே வந்துவிட வேண்டும். வயிறு கிழிந்து குடல் தெரிகிற மத்தியை விட்டுவிடுங்கள். கடம்பா (கணவாய் வகை) வெள்ளையாக, மேல் தோலில் புள்ளிகள் தெளிவாக இருந்தால் புதிது. இளஞ்சிவப்பு ஏறியிருந்தால் பழையது. இறாலுக்குத் தலை ஆட்டம் காணக் கூடாது, கழுத்தில் கறுப்பு படரக் கூடாது. நண்டைக் கையில் தூக்கிப் பாருங்கள். அளவுக்கேற்ற கனம் இல்லாவிட்டால் ஓடு மாற்றிய நண்டு, உள்ளே தண்ணீர்தான் இருக்கும்.

கானாங்கத்த, சூரை, மத்தி மூன்றிலும் கூடுதல் கவனம் தேவை. வெயிலில் கிடந்தால் இவற்றின் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருள் சேரும். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, அரிப்பு, தலைவலி, வாந்தி வரும். எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது போகாது. ‘குழம்பில் போட்டால் சரியாகிவிடும்’ என்ற பேச்சு இங்கே எடுபடாது. ஐஸில் இருக்கிற மீனை மட்டும் வாங்குங்கள்.

எவ்வளவு வாங்குவது என்பதிலும் பலர் தவறுகிறார்கள். ஒரு கிலோ இறாலில் தலையும் ஓடும் போனால் பாதிதான் மிஞ்சும். சின்ன மீனில் தலை, குடல், செதில் போனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேலே குறையும். ஆறு பேருக்குக் குழம்பும் வறுவலும் என்றால் முழு மீனாக இரண்டு கிலோ கணக்கு வையுங்கள்.

மீன் வெட்டுபவர்கள் மார்க்கெட்டை ஒட்டியே அரிவாள்மனையோடு உட்கார்ந்திருப்பார்கள். கிலோவுக்கு எவ்வளவு என்று முன்னாலேயே கேளுங்கள். குழம்புக்கா வறுக்கவா என்று சொல்லாமல் கொடுத்துவிட்டால் அவர்கள் வசதிக்கு வெட்டிவிடுவார்கள். வறுக்க வஞ்சிரத் துண்டு அரை அங்குலம் போதும். அதற்கு மேல் தடித்தால் மேல் கருகும், நடுவில் வேகாது. தலையும் சினையும் வேண்டும் என்றால் வெட்டி முடியும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள்.

வாங்கிய மீனை ரயிலில் ஊருக்குக் கொண்டுபோக முடியுமா? ஆறேழு மணி நேரம் தாங்குமா?
(சேலம் வாசகர்)

தாங்கும். கட்டுவதில்தான் எல்லாம் இருக்கிறது. ஐந்து கிலோ மீனுக்கு ஐந்து கிலோ ஐஸ். பலர் இரண்டு கிலோ ஐஸோடு முடித்துக்கொள்வார்கள், பாதி வழியில் அது தண்ணீராகிவிடும். ஐஸைக் கட்டியாகப் போடாமல் உடைத்துப் போடச் சொல்லுங்கள். பொடி ஐஸ்தான் மீனின் எல்லாப் பக்கமும் ஒட்டி உட்காரும். கட்டிக்கும் மீனுக்கும் நடுவில் காற்று நின்றுவிடும்.

மீனைச் சுத்தம் செய்து, குடலும் செவுளும் எடுத்தபின் கட்டுங்கள். முதலில் கெடுவது அந்த இரண்டும்தான். தெர்மாகோல் பெட்டிக்குள் கனமான பாலிதீன் பை ஒன்று, அதற்குள் இன்னொன்று. அடியில் இரண்டு அங்குல ஐஸ், அதன்மேல் ஒரு வரிசை மீன், மறுபடி ஐஸ், மறுபடி மீன், கடைசியில் தடிமனாக ஐஸ். துண்டு போட்ட மீன் என்றால் தனிக் கவரில் கட்டி அடுக்குங்கள். உருகிய தண்ணீரில் ஊறினால் ருசியும் போகும், சதையும் குழையும். பையின் வாயை முறுக்கிக் கட்டி, மூடியைச் சுற்றி டேப் ஒட்டுங்கள். பெட்டியில் ஓட்டை போடச் சொல்கிறவர்கள் லாரியில் அனுப்புகிறவர்கள். ரயிலில் சொட்டினால் பெட்டி முழுக்க நாறும், பக்கத்து சீட்டுக்காரர் சும்மா இருக்க மாட்டார்.

காலையில் வாங்கிவிட்டு இரவு ரயிலுக்குக் காத்திருப்பதுதான் பெரிய தவறு. பகல் ரயிலைப் பிடியுங்கள். முடியாவிட்டால் கிளம்பும் முன் ஐஸை மாற்றுங்கள். இவ்வளவு தொல்லை எதற்கு என்பவர்களுக்குக் கருவாடு இருக்கிறது. நெத்திலிக் கருவாட்டைக் கையில் ஒடித்தால் ஒடிய வேண்டும், வளைந்தால் ஈரம். உள்ளங்கையில் தேய்த்து மணல் ஒட்டுகிறதா என்றும் பாருங்கள்.

குழந்தைகள் கடலில் கால் நனைக்க ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் நல்ல மணற்கரை உண்டா?
(வேலூர் வாசகி)

மெரினா மாதிரி எதிர்பார்த்து வராதீர்கள். இந்தக் கடலில் மணல் வருடத்தில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். 1870களில் துறைமுகச் சுவர் கட்டத் தொடங்கினார்கள். அந்தச் சுவர் மணலைத் தெற்கே நிறுத்தியது. அங்கே மெரினா அகன்றது, இங்கே ராயபுரம் தொடங்கி வடக்கே கடல் கரையைத் தின்றது. குப்பங்கள் பல உள்ளே தள்ளிப்போயின. மிச்சத்தைக் காக்கத்தான் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள், கடலுக்குள் நீளும் கல் சுவரான தூண்டில் வளைவும் போட்டிருக்கிறார்கள்.

அந்தக் கற்களின்மேல் ஏறி செல்ஃபி எடுப்பதுதான் இங்கே ஆபத்து. நனைந்த பகுதியில் பாசி வழுக்கும், சிப்பி ஒட்டியிருக்கும். விழுந்தால் கால் கிழியும். தூண்டில் வளைவை ஒட்டி மணல் கொஞ்சம் சேர்ந்த இடத்தில் தண்ணீர் அமைதியாகத் தெரியும். ஆனால் சுவரோரமாகவே நீரோட்டம் கடலுக்குள் இழுக்கும். யாராவது மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடக் கூடாது, மூச்சு வாங்கியே மூழ்கிப்போவார்கள். மிதந்தபடி கையை உயர்த்திக் கூப்பிட வேண்டும். நீந்தத் தெரிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் போய், இழுப்பு விட்ட இடத்தில் கரை சேர வேண்டும். எண்ணூர் முகத்துவாரத்தில் இறங்கவே வேண்டாம். ஆறும் கடலும் சேரும் இடம், ஆழம் மாறிக்கொண்டே இருக்கும். தொழிற்சாலைக் கழிவும் வருகிற தண்ணீர் அது.

குளிக்க வேண்டாம், உட்கார்ந்து பார்க்கலாம். கிழக்கே பார்த்த கரை என்பதால் விடியல்தான் அழகு. மே, ஜூனில் 5.40-க்கே சூரியன் வந்துவிடும், ஜனவரிக் கடைசியில் 6.35 ஆகும். கோடையில் பத்து மணியிலிருந்து கடற்காற்று அடிக்கத் தொடங்கும்வரை கரையில் நிற்க முடியாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை செய்தியில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியதாகச் சொன்னால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

எண்ணூர் விரைவுச் சாலையில் பைக்கில் போகலாமா?
(செங்கல்பட்டு வாசகர்)

முடிந்தால் தவிர்த்துவிடுங்கள். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் டிரெய்லர்கள் வரிசையாக நிற்கும், திடீரென்று நகரும். டிரெய்லரின் இடது பக்கமாக நுழைந்து முந்தவே கூடாது. திரும்பும்போது நீங்கள் அங்கே இருப்பது டிரைவருக்குத் தெரியாது. மெட்ரோ விம்கோ நகர் வரை வருகிறது, புறநகர் ரயில் எண்ணூரைத் தாண்டியும் போகிறது. மெட்ரோ நிலையங்களில் கழிப்பறையும் உண்டு. கரையோரத்தில் அதற்குத்தான் பெண்கள் அதிகம் அலைகிறார்கள்.

திருவொற்றியூர் கோயிலுக்கு எந்த நாள் விசேஷம்?
(திருவண்ணாமலை வாசகி)

ஆதிபுரீஸ்வரருக்கு ஆண்டு முழுக்கக் கவசம்தான். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசம் எடுத்துத் தரிசனம் தருவார்கள். புற்று வடிவத் திருமேனிக்குச் சாம்பிராணித் தைலம் சாத்துவார்கள். கூட்டம் தெருவைச் சுற்றும், வயதானவர்களைக் கூட்டிவந்தால் விடியற்காலையிலேயே வரிசைக்குப் போய்விடுங்கள். பௌர்ணமி வெள்ளிக்கிழமையில் வந்தால் காலையில் மேலூர் திருவுடையம்மன், உச்சிவேளையில் இங்கே வடிவுடையம்மன், மாலையில் வடதிருமுல்லைவாயில் கொடியிடையம்மன் என்று ஒரே நாளில் பார்ப்பது வழக்கம். மேலூருக்கு மீஞ்சூரில் இறங்க வேண்டும். மற்ற நாளில் மதியம் நடை சாத்திவிடுவார்கள். பட்டினத்தார் சமாதி கடற்கரைப் பக்கம், கோயிலிலிருந்து பக்கம்தான்.

பழவேற்காட்டுக்கு ஒரே நாளில் போய்த் திரும்பலாமா? படகு சவாரி உண்டா?
(காஞ்சிபுரம் வாசகர்)

போகலாம். கும்மிடிப்பூண்டி ரயிலில் பொன்னேரியில் இறங்கி பஸ். பூநாரை பார்க்க வேண்டுமானால் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை, காலை வெயில் ஏறும் முன். பைனாகுலர் இல்லாமல் போனால் தூரத்தில் வெள்ளைக் கோடு மட்டும்தான் தெரியும். 1613-இல் டச்சுக்காரர்கள் கட்டிய கெல்டிரியா கோட்டையில் இப்போது பார்க்க அதிகம் இல்லை, புதர்தான். டச்சுக் கல்லறைக்குப் போங்கள். வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கும். பெண்கள் பின்னும் பனையோலைப் பெட்டிகள் வாங்கத் தகுந்தவை. ஏரி நண்டு உயிரோடு இருந்தால் மட்டும் வாங்குங்கள், கால் கட்டை வீட்டில் சமைக்கும்வரை அவிழ்க்காதீர்கள்.

படகு விஷயத்தில் கண்டிப்பாகவே சொல்கிறோம். 2011 டிசம்பர் 25 அன்று இங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். மீன்பிடிப் படகு வலைக்கும் மீனுக்கும் செய்தது. ஒரு பக்கம் எல்லோரும் எழுந்து பறவை பார்த்தாலே சாய்ந்துவிடும். ‘சும்மா ஒரு ரவுண்டு’ என்று யாராவது கூப்பிட்டாலும், லைஃப் ஜாக்கெட் இல்லாத படகில் கால் வைக்காதீர்கள்.

காசிமேட்டில் போட்டோ எடுத்தால் திட்டுவார்களா?
(மதுரை வாசகர்)

கேட்டுவிட்டு எடுத்தால் போஸே கொடுப்பார்கள். ஏலம் ஓடும்போது நடுவில் போய் நிற்பதும், காயவைத்த வலையை மிதிப்பதும்தான் கோபம் வரவைக்கும். ‘ஓரம், ஓரம்’ என்று குரல் கேட்டால் திரும்பிப் பார்க்காமல் முதலில் ஒதுங்குங்கள். பின்னால் வருவது ஐஸ் வண்டி. தரை முழுக்கத் தண்ணீர், செதில். பழைய ரப்பர் செருப்பு போதும், தரையில் இழுபடும் புடவையும் பேன்டும் வேண்டாம்.

அத்தோ எங்கே சாப்பிடலாம்? வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளுமா?
(திருச்சி கல்லூரி மாணவி)

பர்மாவிலிருந்து திரும்பிவந்த தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு அது. பீச் ஸ்டேஷன் எதிரே, பர்மா பஜார்ப் பக்கம் சாயங்காலம் வண்டிகள் வரிசையாக நிற்கும். நூடுல்ஸில் முட்டைகோஸ், வறுத்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் போட்டுக் கையாலேயே பிசைந்து, மேலே பேஜோ என்ற மொறுமொறுப்பான பொரித்த தட்டையை நொறுக்கிப் போடுவார்கள். சூடாக வராது, அதனால் கூட்டம் உள்ள வண்டியைப் பாருங்கள். அங்கேதான் நூடுல்ஸ் தேங்கிக் கிடக்காது. முதல் தடவை என்றால் ‘காரம் கம்மி’ என்று பிசையும் முன்பே சொல்லிவிடுங்கள். கூடவே வாழைத்தண்டு சூப் வரும். தீர்ந்தால் கேளுங்கள், இன்னொரு கரண்டி ஊற்றுவார்கள்.