அப்பாவுக்கு நினைவு தப்பிவிட்டது. அவர் கொடுத்த பவர் செல்லுமா?

கேள்வி: தஞ்சாவூரில் வசிக்கிறோம். அப்பாவுக்கு வயது 74. தன் மனையை நிர்வகிக்கவும் விற்கவும் 2021இல் எனக்குப் பொது அதிகாரப் பத்திரம் பதிவு செய்து கொடுத்தார். சென்ற ஆண்டு பக்கவாதம் வந்தது. இப்போது என்னையே அவருக்கு அடையாளம் தெரியவில்லை. வைத்தியச் செலவுக்காக மனையை விற்கப் பேசி, முன்பணமும் வாங்கிவிட்டேன். "பவர் ரத்தாகவில்லை, தாராளமாகக் கிரயம் செய்யலாம்" என்கிறார் பத்திர எழுத்தர். அம்மாவுக்கும் தங்கைக்கும் சம்மதமே. செய்யலாமா?

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள்.

பவரை யாரும் ரத்து செய்யவில்லை என்பது உண்மைதான். ஆனால் அதை ரத்து செய்ய ஒருவர் சார்பதிவாளர் அலுவலகம் போக வேண்டும் என்பதில்லை. பவர் கொடுத்தவர் இறந்தாலோ, சித்தசுவாதீனம் இழந்தாலோ அது தானாகவே முடிந்துவிடும் என்கிறது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 201. வில்லங்கச் சான்றில் இது தெரியாது. பதிவின்போது கேட்கப்படும் மருத்துவரின் உயிர்வாழ் சான்றும் மூச்சு இருப்பதைத்தான் சொல்லும், மனத்தெளிவைச் சொல்லாது. கைகால் மட்டும் விழுந்து, புத்தி தெளிவாக இருந்திருந்தால் பவர் செல்லும். உங்கள் அப்பாவின் நிலை அதுவல்ல.

இன்னொன்றையும் யாராவது காதில் போடுவார்கள்: அப்பாவின் கட்டைவிரலில் மை தடவி உருட்டிவிடலாம் என்று. புரியாத ஒருவரின் விரலைப் பிடித்து வாங்கும் ரேகை சம்மதம் ஆகாது. அது கிரிமினல் வழக்கில் போய் முடியக்கூடும். மருத்துவமனைக் கோப்பில் உள்ள தேதிகளே உங்களுக்கு எதிரான சாட்சியாகிவிடும்.

சரியான வழி உயர் நீதிமன்றம். சித்தம் கலங்கியவரின் சொத்துக்குக் காப்பாளர் நியமிக்கும் ஏற்பாடு 1987ஆம் ஆண்டின் மனநலச் சட்டத்தில் இருந்தது. அதன் இடத்தில் வந்த 2017ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது இல்லை. முதியவர்கள் பெருகிவரும் நாட்டில் இப்படி ஒரு பள்ளத்தை விட்டுவைத்திருப்பது பெரும் அநீதி என்றே நான் கருதுகிறேன். அந்தப் பள்ளத்தை நீதிமன்றங்கள்தான் அரசியல் சாசனத்தின் 226ஆவது பிரிவைக் கொண்டு, அதாவது ரிட் மனுக்களை விசாரிக்க உயர் நீதிமன்றங்களுக்கு உள்ள அதிகாரத்தைக் கொண்டு, நிரப்பி வருகின்றன. கோமாவில் கிடப்பவர்களுக்குக் காப்பாளர் நியமிக்கும் நெறிமுறைகளைக் கேரள உயர் நீதிமன்றம் 2019இல் வகுத்தது. 2024இல் சென்னை உயர் நீதிமன்றத்தில், கோமாவில் இருந்த கணவரின் சொத்தை விற்க அனுமதி கேட்டார் ஒரு மனைவி. தனி நீதிபதி அவரை சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வு அவரையே காப்பாளராக நியமித்து, விற்கவும் அனுமதித்தது. கணவர் பெயரில் ரூ.50 லட்சத்தை வைப்புத்தொகையாகப் போட வேண்டும் என்பது நிபந்தனை.

உங்களுக்கு மதுரைக் கிளை. அம்மாவோ நீங்களோ ரிட் மனு போடலாம். நரம்பியல் மருத்துவரின் சான்று, சிகிச்சைச் செலவு ரசீதுகள், அப்பாவின் சொத்து, வங்கிக் கணக்கு விவரங்கள், மற்றவர்களின் ஆட்சேபனையின்மைப் பிரமாணப் பத்திரங்கள் ஆகியவற்றைத் திரட்டுங்கள். மருத்துவக் குழுவை அனுப்பியோ, தாசில்தாரிடம் அறிக்கை கேட்டோ நீதிமன்றம் நிலையை உறுதி செய்துகொள்ளலாம். அனுமதி கிடைத்தபின் பணம் அப்பாவுக்காகவே செலவாக வேண்டும், கணக்கும் காட்ட வேண்டியிருக்கும். தங்கையின் சம்மதத்தை இப்போதே எழுத்தில் வாங்குங்கள். விலை ஏறும்போது வாய்மொழிச் சம்மதம் மாறிவிடுகிறது.

வாங்குபவரிடம் இன்றே உண்மையைச் சொல்லிவிடுங்கள். காத்திருக்க அவர் விரும்பாவிட்டால் முன்பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். நீதிமன்ற உத்தரவோடு வரும் மனை என்றால் பொறுத்திருந்து வாங்குபவர்கள் உண்டு.

கடைசியாக, அம்மா நல்ல தெளிவோடு இருப்பதால் அவரிடமும் பவர் எழுதி வாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பீர்கள். அவருக்கும் நினைவு தப்பினால் அதுவும் இதே கதிதான். அதைவிட அவர் விரும்பும் ஒருவரைச் சேர்த்து, இருவரில் எவரும் பணம் எடுக்கும்படி வங்கிக் கணக்கை மாற்றுங்கள். நியமனதாரர் பெயரைச் சரிபாருங்கள். விருப்பப்பட்டால், இரண்டு சாட்சிகளோடு அவர் உயிலும் எழுதி வைக்கட்டும்.